இரண்டாவது விடை

அந்த டொக்டரிடம் ஒருவர் தன் வருத்தத்தைச் சொல்லி முடித்ததும் அவர் வாயிலிருந்து இரண்டே சொற்கள் வரும். "ஹரி. வேற?"

முதலாவது சிங்களச் சொல். சரி என்று பொருள். இரண்டாவது நமது. அவர் சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெண்மணி. தகப்பன் தமிழர், தாய் சிங்களவர். தங்கள் வீட்டில் ஒரு வசனம் எந்த மொழியில் தொடங்கி எதில் முடியும் என்று குசினிப் பூனைக்கும் தெரியாது என்று ஒருநாள் சொன்னார்.

நீங்கள் தலையிடி என்று போயிருப்பீர்கள். எந்தப் பக்கம் இடிக்கிறது, எந்த நேரம் இடிக்கிறது என்று சொல்லி முடிப்பீர்கள். "ஹரி. வேற?" என்பார். கொஞ்சம் யோசித்து முழங்கால் உளைவைச் சொல்வீர்கள். மறுபடியும் அதே இரண்டு சொற்கள். பேனையை மேசையில் வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமல் கையையும் காலையும் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த மௌனத்தில் மனிதர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். புத்தளம் ஆஸ்பத்திரிக் கிளினிக் வாங்கில் என்னோடு உட்கார்ந்து காத்திருந்த உடப்புக் கிராமத்து மீனவர் ஒருவர் வெளியே வந்து, "வேற வேற எண்டு கேட்டு, கடைசில என்ட மச்சான்ட வருத்தத்தையும் சேத்துச் சொல்லிப்போட்டு வாறன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த மச்சானை அடுத்த கிளினிக்கில் அதே வாங்கில் கண்டேன். வரச்சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் ஓய்வுபெற்ற உப தபாலதிபர். ஒரு கேள்விக்கு ஒரு விடை வந்தால் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்ததைப் பார்ப்பது என் பழக்கம். அதனால் தொடக்கத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அந்த மண்டபத்தில் நான்கு மின்விசிறிகள், அவற்றில் சுற்றுவது இரண்டு. ஆறு வாங்குகள். ஒரு வாங்கில் எட்டுப் பேர். ஒவ்வொருவரிடமும் அவர் இப்படி "வேற" கேட்டுக்கொண்டிருந்தால் கடைசி வாங்குக்காரர் எப்போது வீடு போய்ச் சேருவது? நான் எப்போதும் கடைசி வாங்குக்கு முன்வாங்கு.

முதன்முதலில் போனது தலைச்சுற்றுக்காக. எத்தனை தரம் சுற்றியது, அதற்கு முன் என்ன தின்றேன், எந்தப் பக்கம் சாய்ந்தேன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். "ஹரி. வேற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடியும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் எதையும் விடவில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் என் இடுப்புப் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நானே ஆணியால் குத்திய புதிய ஓட்டைகள் இரண்டு இருந்தன. மூன்றாந்தரம் கேட்டபோது, மனைவி மௌத்தான பிறகு நான் இராச் சாப்பாடு சாப்பிடுவதில்லை என்பது என் வாயிலிருந்து தானாக வந்தது. மகனுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. வெறுவயிற்றில் பிரஷர் குளிசை போட்டுக்கொண்டு படுத்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? குளிசையைக் குறைத்தார். "ராவைக்கு ரெண்டு துண்டு பாணாவது தின்னுங்க, போஸ்ட் மாஸ்டர்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான்.

அவருடைய பழக்கங்கள் எல்லாமே இந்த ஒன்றின் கிளைகள்தான். கிளினிக் அறையின் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, நோயாளிகள் வாங்கிலிருந்து எழும்பி வருவதை எட்டிப் பார்ப்பார். கதிரையில் வந்து உட்கார்ந்தபிறகு எல்லோரும் நல்ல பிள்ளையாகிவிடுவார்களாம். எழும்பி நடந்து வரும் வழியில்தான் பாதி வருத்தம் தெரியுமாம். மாலுபாண் வாங்கினால் அதைப் பிரித்து உள்ளே இருக்கும் மீனைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். தாதிமார் அதற்காக அவரைப் பகிடி பண்ணுவார்கள். கார் இருந்தும் சனிக்கிழமைகளில் சிலாபத்துக்கு பஸ்ஸில்தான் போவார். காரில் போனால் ரோட்டை மட்டுந்தான் பார்க்கலாம் என்பார்.

மற்றவர்களுடைய விடையை அவர் நம்பாமல் இருந்தது பெரிதல்ல. டொக்டர்மாரில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். தன்னுடைய விடையையும் அவர் நம்பவில்லை. அதை நான் என் தங்கச்சியின் விஷயத்தில் கண்டேன்.

தங்கச்சி எனக்குப் பதினாலு வயது இளையவள். விதவை. மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனங்கள் குடியேறிய பாலாவிப் பக்கத்து ஊரொன்றில், என் வீட்டுக்கு அடுத்த வளவில், மகளோடு இருக்கிறாள். தையல்தான் சீவியம். ஐம்பதை நெருங்கும்போது அவளுக்குத் தலையிடி தொடங்கியது. பிறகு சீனி கூடியது. பிறகு கதவு நிலைகளில் தோள் முட்டத் தொடங்கினாள். இடப்பக்கந்தான் அதிகம். பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி ஊற்றுவாள். மெஷினில் ஊசிக்கு நேரே துணி ஓடுவது தெரியும். துணியின் ஓரம் எங்கே போகிறது என்பது தெரியாது. "வீடு ஒடுங்கிப் போச்சு நாநா" என்று சிரிப்பாள்.

நான்தான் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். "ஹரி. வேற?" தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவளும் மகளும் மட்டும் உள்ளே. பிறகு தங்கச்சியின் சம்மதத்தோடு என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். மகளுக்குக் கலியாண வயது தாண்டிக்கொண்டிருக்கும் காலத்தில் தங்கச்சிக்கு மார்பில் பால் சுரந்துகொண்டிருந்தது. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் சட்டைக்குள் துணி வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், ஒரு கடலையளவில் கபச்சுரப்பி என்று ஒன்று இருக்கிறது என்றார் டொக்டர். உடம்பில் உள்ள மற்றச் சுரப்பிகளுக்கெல்லாம் கட்டளை போவது அங்கிருந்துதான். தலைமைத் தபாற்கந்தோர் மாதிரியா என்று கேட்டேன். அவருக்கு அது பிடித்துக்கொண்டது. "ஓம் போஸ்ட் மாஸ்டர். அங்க ஒருத்தன் ஒரே கடிதத்த நிப்பாட்டாம அனுப்பிக்கொண்டிருக்கான். பால் சுரக்கட்டும், பால் சுரக்கட்டும் எண்டு." இரத்தத்தில் அந்த ஓமோன் கூடியிருந்தது. ஸ்கான் எடுத்ததில் சுரப்பியில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய் அல்ல, ஆனால் கண்ணுக்குப் போகும் நரம்பின் அடியில் நின்று மேலே தள்ளிக்கொண்டிருந்தது. பக்கப் பார்வை போவது அதனால்தான். இந்த வகைக் கட்டியைப் பெரும்பாலும் குளிசையாலேயே சுருக்கலாம் என்று கிழமைக்கு இரண்டு குளிசை எழுதினார். இந்த நோயையே தனியாகப் பார்க்கிற கொழும்பு டொக்டர் ஒருவரோடும் போனில் கதைத்தார்.

சில மாதத்தில் பால் நின்றது. இரத்தத்தில் அந்த ஓமோனின் எண் மளமளவென்று இறங்கியது. எண் இறங்கினால் எனக்குப் போதும். வீட்டில் யாசீன் ஓதி அயலுக்குச் சோறு கொடுத்தோம். தங்கச்சியின் மகள், என் மருமகள், வட்டலப்பம் அவித்து ஒரு சட்டி நிறையக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். தலையிடி எப்படி என்று தங்கச்சியைக் கேட்டார். கொஞ்சம் இருக்கு என்றாள். சீனி? குறையவில்லை. தோள் முட்டுகிறதா? முட்டுகிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பாதியத் தாங்க. மிச்சத்த மத்த விடை வந்தாப்பொறகு தாங்க."

எண்தான் இறங்கிவிட்டதே என்று நான் வாதாடினேன். அவரே கண்டுபிடித்த நோய், அவரே கொடுத்த குளிசை, அவருடைய தாளிலேயே இருக்கிற எண். ஓம், அது சரியான விடைதான் என்றார். ஆனால் அதற்குள் எல்லாம் அடங்கவில்லை. பிறகு தங்கச்சியின் பழைய படங்கள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். இருபது வயதில், முப்பது வயதில் எடுத்தவை. முகம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

எங்களிடம் படம் ஏது? தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் வெளியேறச் சொன்னதும் மன்னாரை விட்டுக் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்தது உடுத்த உடுப்பும் கையில் பிடித்த பிள்ளைகளும் தூக்க முடிந்த ஒன்றிரண்டும். அதற்குப் பிறகு முகாமில் ஆர் படம் எடுத்தார்கள்? கலியாணத்துக்கும் எடுக்கவில்லை. தங்கச்சியிடம் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அது அழிந்துபோய், தலையைச் சுற்றிய முக்காடு மட்டும் வடிவாகத் தெரிந்தது.

முகம் மாறியிருக்கிறதா என்று டொக்டர் எங்கள் மூன்று பேரிடமும் கேட்டார். தங்கச்சிதான் பதில் சொன்னாள். சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஓம் டொக்டர், மாறித்தான் இரிக்கு. இது எங்கட வாப்பாட முகம்."

அது உண்மை. எங்கள் வாப்பாவுக்கு அகன்ற நெற்றி, புருவ எலும்பு முன்னுக்கு நிற்கும், நாடி நீண்டு கனத்திருக்கும். மூக்கும் உதடும் தடித்தவை. வெளியேறுவதற்குச் சில வருடம் முன்பே மௌத்தாகிவிட்டார். அவருடைய கபுறு மன்னாரில் இருக்கிறது. அவருடைய ஒரே படமும் மன்னாரில் போய்விட்டது. சின்ன வயதில் தங்கச்சி உம்மாவைப் போலத்தான் இருந்தாள். நாற்பதைத் தாண்டியபிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாப்பா அவள் முகத்தில் வரத் தொடங்கினார். நாங்கள் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். ஒரு கலியாண வீட்டில் வாப்பாவோடு தோணியில் போன முதியவர் ஒருவர் அவளைக் கண்டு, சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அழுதார். மன்னாரிலிருந்து உறவுகள் வந்தால் முதலில் அவளைத்தான் பார்க்க வருவார்கள். இரத்தம் பேசுது என்பார்கள்.

டொக்டர் அதைக் கேட்டு, "ஹரி" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டத் தகப்பனின் படம் இல்லாத மனிதர்களிடம் அந்த முகத்தைப் பற்றி மேலே கேட்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். பேச்சை மாற்றுகிறவர் போலத் தையலைப் பற்றி விசாரித்தார். எப்படித் துணி வெட்டுகிறீர்கள், ஓரம் தெரியாமல் கஷ்டம் இல்லையா என்று. தங்கச்சி தன் பெருமையை மறந்து ஒரு முறைப்பாடு சொன்னாள். இப்போது வரும் கத்தரிக்கோல்கள் எல்லாம் சிறுபிள்ளைகளுக்குச் செய்தவை போல. விரல் நுழைகிற வளையம் வரவர ஒடுங்கிவிட்டது. ஆண் தையற்காரர் பாவிக்கும் பெரிய கத்தரிக்கோல் வாங்கித்தான் வெட்டுகிறாள்.

"பழசு இருக்கா?"

இருந்தது. முகாமில் தையல் வகுப்பு முடித்தபோது கொடுத்த கத்தரிக்கோல். அதைத்தான் அவள் இருபது வருடத்துக்கு மேல் பாவித்திருந்தாள். அடுத்த கிளினிக்கில் மருமகள் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். டொக்டர் பழைய கத்தரிக்கோலைத் தங்கச்சியின் கையில் கொடுத்து வெட்டிக் காட்டச் சொன்னார். பெருவிரல் முதற்கணுவோடு நின்றுவிட்டது. தங்கச்சி எச்சில் தொட்டு முயன்றாள். போகவில்லை. மருமகளின் கையில் அது வழுக்கிக்கொண்டு போனது.

"முகம் வாப்பாட முகமா இருக்கட்டும்," என்றார் டொக்டர். "இரும்பு எப்பிடிச் சுருங்கும்?"

படம் இல்லாத எங்களிடம் மாறாமல் இருந்த ஒரே அளவு அந்த வளையம்தான்.

இரத்தம் கொழும்புக்குப் போனது. வந்த விடையை என்னைப் பார்த்துத்தான் முதலில் சொன்னார். "உங்கட கந்தோரில கள்ளக் கடிதம் அனுப்புற ஆள் ஒருத்தன் இல்ல, ரெண்டு பேர்." ஒரே கட்டிக்குள் இரண்டு வகை உயிர்க்கலங்கள் கலந்து கிடந்தன. ஒன்று பாலுக்கானது. மற்றது வளர்ச்சிக்கானது, வளர்ந்து முடிந்த உடம்பை மேலும் வளரச் சொல்லி உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தது. கை, கால், நாடி, மூக்கு, நாக்கு, உள்ளே இருதயம் எல்லாமே அதற்குப் பணிந்துகொண்டிருந்தன. சீனி குறையாததும் அதனால்தான். குளிசை முதலாமவனை அடக்கிவிட்டது. இரண்டாமவன் அந்தச் சத்தம் ஓய்ந்ததில் வசதியாக வேலை பார்த்தான். மூக்கு வழியாகப் போய்க் கட்டியை எடுக்க வேண்டும். பிந்தினால் கண்நரம்பு திரும்பாது என்றார்.

தங்கச்சி மாட்டேன் என்றாள்.

ஒபரேஷனுக்குப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். டொக்டரும் முதலில் அதற்குத்தான் பதில் சொன்னார். கொழும்பில் அதைச் செய்கிறவர்கள் பழகியவர்கள், முகத்தில் வெட்டே இருக்காது என்று. தங்கச்சி தலையாட்டினாள். ஆனால் மாட்டேன் என்றாள். செலவா? அரசாங்க ஆஸ்பத்திரி, செலவில்லை. மகளைத் தனியே விடவா? நாநா இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் "ஹரி. வேற?" வந்துகொண்டே இருந்தது. வெளியே வாங்குகளில் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். டொக்டர் எழும்பித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதிரையைத் தங்கச்சிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கேட்கவுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"படத்த ஆணியில விட்டுட்டு வந்தது நான்தான்" என்றாள் தங்கச்சி.

எனக்கு விளங்கவில்லை. அந்த நாளில் நான் வேலையில் அநுராதபுரத்தில் இருந்தேன். வீட்டில் உம்மாவும் அவளும்தான். வாப்பாவின் படத்தை வழியில் பறித்துவிட்டார்கள் என்றுதான் உம்மா மௌத்தாகும்வரை நாங்கள் கதைத்து வந்தோம். அவள் மெல்லச் சொன்னாள். வெளிக்கிடக் கொஞ்ச நேரந்தான் தந்தார்கள். உம்மா அரிசியைக் கட்டிக்கொண்டு, படத்தை எடு பிள்ள என்றார். அவள் கதிரையில் ஏறினாள். சட்டம் கனமாக இருந்தது, கண்ணாடி போட்டது. மற்றக் கையில் தையல் மெஷினின் தலை. இரண்டில் ஒன்றைத்தான் தூக்கலாம். மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். கற்பிட்டிக் கரையில் உம்மா கேட்டபோது, பறித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். அந்த மெஷினில் தைத்த காசில்தான் முகாமில் அடுப்பெரிந்தது என்பது எனக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

"பொறகு வாப்பாவே வந்தாரு டொக்டர். என்ட முகத்திலயே வந்தாரு. மன்னிச்சிட்டாரு எண்டு நெனச்சன். இப்ப அதயும் வெட்டி எடுக்கச் சொல்லுறீங்க."

மருமகள் அழுதுகொண்டிருந்தாள். நான் மேசையில் இருந்த கோப்புகளை எண்ணினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான் பொய் சொல்லமாட்டன்," என்றார் டொக்டர் கடைசியில். "மூக்கு, உதடு, கண்ணுக்குக் கீழ வீக்கம், அது இறங்கும். எலும்பு இறங்காது. வளந்த எலும்பு வளந்ததுதான். இந்த நாடியும் நெத்தியும் உங்களோடதான் நிக்கும்."

"எவ்வளவு போகும்?"

"தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "இப்பிடியே விட்டா முகம் முழுசா இருக்கும். கண் இருக்காது. பொறகு கண்ணாடிக்கு முன்னால நிண்டு வாப்பாவத் தடவித்தான் பாக்கணும்" என்றார்.

அது கடுமையான பேச்சு. நானாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். தங்கச்சி தன் நாடியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டபடியே வீட்டுக்கு வந்தாள். அந்தக் கிழமையே கொழும்புக்குப் போக ஒத்துக்கொண்டாள்.

எடுத்த கட்டியை ஆய்வுகூடத்தில் சாயமிட்டுப் பார்த்தார்கள். டொக்டர் சொன்னபடியே இரண்டு வகையும் கலந்துதான் இருந்தது. அப்படிக் கலந்து வருவது குறைவு என்று கொழும்பிலும் சொன்னார்களாம். முழுவதையும் எடுக்க முடியவில்லை. பெரிய இரத்தக்குழாயை ஒட்டிய ஒரு சிறு பங்கை விட்டுவிட்டார்கள். அதற்காக மாதத்துக்கு ஓர் ஊசி, பழைய குளிசை, ஆறுமாதத்துக்கு ஒரு தரம் இரத்தம், வருடத்துக்கு ஒரு ஸ்கான். இது முடிகிற வருத்தமா என்று டொக்டரைக் கேட்டேன். முடிக்கிற வருத்தம் இல்லை, வைத்துப் பார்த்துக்கொள்கிற வருத்தம் என்றார். ஊசி கையிருப்பில் இல்லாத மாதங்களில் அவரே நாலு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தேடுவார். இப்போது அவர் மாற்றலாகிப் போய்ப் பல வருடம். புதிதாக வந்தவரும் நல்லவர்தான். கேட்டதற்குப் பதில் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். கடைசி வாங்குக்காரர்களும் லுஹர் தொழுகைக்கு முன் வீடு போகிறார்கள். எனக்கென்னவோ அங்கே போய்வந்தால் எதையோ சொல்லாமல் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

ஒபரேஷனுக்குப் பிறகு வந்த மாதங்களில் தங்கச்சியின் முகம் இறங்கியது. உதடு மெலிந்தது, மூக்கு கொஞ்சம் கூரானது. நாடி நின்றது. சீனியும் இறங்கியது, தலையிடி போனது. வலப்பக்கப் பார்வை மெல்லத் திரும்பியது. இடப்பக்கம் மட்டும் கிளினிக்கின் கண் மெஷினில் சோதித்துப் பார்க்கும் போதெல்லாம் ஓரத்தில் கறுப்பாகவே காட்டியது. அது வருமா என்று கேட்டால், "தெரியாது" என்பார் டொக்டர். வரும் என்று சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்த நேரத்தில், மாற்றலாகுமுன், டொக்டர் வாப்பாவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். இந்த முறை என்னை. வாப்பாவின் முகம் பிறந்ததிலிருந்தே அப்படியா, வயது போகப் போக அப்படி ஆனதா? எனக்குத் தெரியவில்லை. நான் கண்ட வாப்பா எப்போதும் அதே வாப்பாதான். "ஹரி. வேற?" அவருக்குச் செருப்புக் கடையில் கிடைக்காது, சொல்லித்தான் செய்விப்பார். "வேற?" மோதிரத்தைக் கறிவேப்பிலைக் காம்பில் கொளுவி மாடத்தில் வைத்திருந்தார், விரலில் கண்டதில்லை. "வேற?" தலையிடி என்று மணலில் குப்புறப் படுத்திருப்பார். சொல்லிக்கொண்டே போனவன் என் விரல்களைத் திருப்பிப் பார்த்தேன்.

"அப்ப வாப்பாட முகமும் வருத்தமா, டொக்டர்?"

சில குடும்பங்களில் இது இறங்கி வரும் என்றார். படம் இருந்திருந்தால் பார்த்துச் சொல்லலாம். இல்லாதபடியால் தெரியாது என்றே வைப்போம் என்றார். பிறகு எனக்கும் மருமகளுக்கும் இரத்தம் எடுத்தார். எங்கள் இருவரின் கைகளையும் விரல் விரலாகப் பிடித்துப் பார்த்தார்.

விடை ஒரு சனிக்கிழமை வந்தது. இருவருக்கும் ஒன்றுமில்லை. மருமகள் சந்தோஷத்தில் எனக்கு முத்தம் கொடுத்தாள். அவள் புத்தளம் கடைத்தெருவில் வேலை இருக்கிறதென்று நின்றுவிட, நானும் தங்கச்சியும் சிலாபம் பஸ்ஸில் ஏறினோம். தங்கச்சி யன்னலோரம், நான் அவளுக்கு இடப்பக்கம். பஸ்ஸின் நடைபாதைக்கு அப்பால் இருந்த ஆசனத்தில் டொக்டர், மடியில் பையோடு, முன்னால் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பஸ் வெளிக்கிட்ட பிறகு, வாப்பாவிடமிருந்து எனக்கு ஒன்றுமே இறங்கவில்லை என்ற நினைவும் கூட வந்தது. என் முகம் உம்மாவின் தம்பிமாருடைய முகம். அறுபத்தைந்தைத் தாண்டிய ஒருவன் அதற்காகக் கவலைப்படுவது சரியில்லை. இருந்தாலும் உப்பளங்கள் தொடங்கும் இடத்திலிருந்து நான் தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு அவளுடையதுதான். நாடிக்கு வந்ததும் வாப்பா தோணியின் அணியத்தில் இருந்து கரையைப் பார்ப்பது போல இருந்தது.

"நாநா," என்றாள் தங்கச்சி. "பாலாவி வருமட்டும் என்ட நாடியத்தான் பாத்துக்கொண்டு வரப்போறீங்களா?"

அவள் தலையைத் திருப்பவில்லை. முன் ஆசனத்தின் முதுகைப் பார்த்தபடிதான் இருந்தாள். நான் இருந்தது அவளுக்குக் கறுப்பாகக் காட்டிய இடப்பக்கம். நான் வாயைத் திறக்குமுன் நடைபாதைக்கு அப்பாலிருந்து டொக்டர் எழும்பிவிட்டார். ஓடுகிற பஸ்ஸில், மேற்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் குனிந்தார்.

"திரும்ப வேணாம். அப்பிடியே இருங்க. நாநாட சேட் என்ன நிறம்?"

"நீலம்."

"அவர் இப்ப என்ன செய்யிறார்?"

தங்கச்சி நேரே பார்த்தபடியே சிரித்தாள். "மடியில விரல மடிச்சு மடிச்சு என்னத்தயோ எண்ணிக்கொண்டு வாறார்."

குனிந்து பார்த்தேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பெருவிரல் நடுவிரலில் நின்றது. எதை எண்ணினேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

கொண்டக்டர், "மிஸ் இருங்க, பிறேக் அடிச்சா விழுவீங்க" என்று பின்னாலிருந்து இரண்டு தரம் கத்தினான். டொக்டர் உட்காரவில்லை. பாலாவியில் நாங்கள் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சிக்கு இடப்பக்கமாக, நின்றபடியே வந்தார்.